கண்டக்டர் இல்லாமல் வண்டி எடுக்க முடியாது

மீசைக்காரரின் கைகள் இரண்டும் வேலையில் இருந்தன. இடது கை டிரைவரின் கால் பெருவிரலைப் பிடித்திருந்தது. வலது கையிலிருந்த நகவெட்டி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறினால் எத்தனை வயதுக் கால் நகமும் சோப்புக்கட்டி போல இளகிவிடும். அவசரப்பட்டு வறட்டு நகத்தை வெட்டுகிறவர்கள்தான் சதையையும் சேர்த்து வெட்டிவிட்டுப் பிறகு பஞ்சைத் தேடுவார்கள்.

சட்டைப் பையில் இருந்த செல்போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"என்னடா அது, பைக்குள்ள வண்டு வளக்கறியா?" என்றார் டிரைவர்.

"போன்தான் ஐயா. கால ஆட்டாம காட்டுங்க."

"டெப்போவா?"

"ஆமா. வண்டி எடுத்தாச்சான்னு கேக்கறாங்க."

"சாப்பிடாம எடுக்க மாட்டோம்னு சொல்லு."

"சொல்லிட்டேன்."

டிரைவர் திருப்தியாகத் தலையசைத்தார். முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது வயது எழுபத்தொன்பது. நினைவு கலைந்து மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் லேசாக ஒரு பக்கவாதமும் வந்து போனது. கை கால் பிழைத்துக்கொண்டன, தொண்டை மட்டும் பலவீனமாகிவிட்டது. எதையும் மசித்து, கெட்டியாக்கி, நிமிர உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் சாப்பாடு வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும்.

நகம் வெட்டிக்கொண்டிருந்தவர் அவரைப் பகலில் பார்த்துக்கொள்ள வருகிற ஆள். அந்த வீட்டில் அவருக்குப் பெயர் மீசைக்காரர். இருபக்கமும் மேலே முறுக்கி, நுனியில் மெழுகு தடவி, கொம்பு போல நிற்க வைத்த மீசை. வேலைக்கு வந்த முதல் நாள் அறைக்குள் நுழைந்ததுமே டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "இத்தன நாளா எங்கடா போன?" என்று அதட்டினார். மருமகள் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மீசைக்காரர் அவளைக் கையமர்த்திவிட்டு, "லீவுல இருந்தேன் ஐயா, இன்னிக்குத்தான் டூட்டில சேந்தேன்" என்றார்.

டிரைவருடன் இருபத்திரண்டு வருடம் ஒரே வண்டியில் போன கண்டக்டருக்கும் அப்படி ஒரு மீசை இருந்ததாம். அந்த ஆள் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதை டிரைவரிடம் சொல்லி அழவைப்பதால் யாருக்கும் லாபமில்லை. நினைவு தப்பியவர் எந்த வண்டியில் இருக்கிறாரோ, நாம் அதில் ஏறிக்கொள்ள வேண்டும். அவரை இறக்கி நம் வண்டியில் ஏற்றப் பார்த்தால் நாள் முழுக்கச் சண்டைதான். மீசைக்காரர் இதைப் புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அலுக்காமல் சொல்லிக்கொடுப்பார்.

இன்னொன்றையும் அவர் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார். கண்டக்டர் குரல் கொடுக்காமல் டிரைவர் வண்டியை நகர்த்த மாட்டார். அதனால் ஒவ்வொரு ஸ்பூனையும் வாய்க்கு அருகே கொண்டுபோய் "போலாம், ரைட்" என்பார். வாய் திறக்கும். பிறகு "ஹோல்டான்" என்பார். டிரைவர் அப்படியே நிற்பார். தொண்டை ஒருமுறை மேலே ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த "ரைட்". இன்னொரு நிபந்தனையும் இருந்தது. கண்டக்டர் சாப்பிடாமல் டிரைவர் சாப்பிட மாட்டார். அதனால் மீசைக்காரர் தன் சாப்பாட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிரைவர் நான்கு வாய் சாப்பிட்டால் தானும் ஒரு வாய் சாப்பிடுவார். ஐந்து மாதத்தில் டிரைவரின் எடை மூன்று கிலோ கூடியிருந்தது.

நகம் வெட்டி முடித்து, விரலிடுக்கெல்லாம் துடைத்து, டிரைவரைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு மீசைக்காரர் போனை எடுத்துப் பார்த்தார். தெரிந்தவர் தெரியாதவர் என்று பதினேழு பேர் ஒரே வீடியோவை அனுப்பியிருந்தார்கள்.

வீடியோவில் அவரே இருந்தார். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார். கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட பேண்ட். சாக்ஸ் இல்லாத ஷூ. பேண்ட்டைத் தோளோடு பிடித்திருக்கும் இரண்டு வார்கள். பெரிய வட்டக் கண்ணாடி. கையில் ஜாம் வரும் கண்ணாடி ஜாடி. அதன் மூடியைத் திருகி, உள்ளே இருந்த பால் கலக்காத டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, மீசை நனைந்துவிடாமல் இரு விரலால் நீவிவிட்டுக்கொள்கிறார். மேலே பெரிய எழுத்தில் 'ஹிப்ஸ்டர் மாமா' என்று போட்டிருந்தது. வேண்டுமென்றே வித்தியாசமாக உடுத்தி அலட்டுகிறவர்களை இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். பின்னணியில் யாரோ ஒரு பையன் மூக்கால் பேசினான்: "இவங்க டீய குடிக்க மாட்டாங்க மக்களே, உணர்வாங்க."

கீழே கமெண்ட்டுகள் கொட்டிக் கிடந்தன.

"மழையே இல்ல, பேண்ட்ட ஏன் மாமா மடிச்சிருக்கீங்க?"

"வார் போட்டது பேண்ட் விழாம இருக்கவா, கெத்து விழாம இருக்கவா?"

"ஜாடிக்குள்ள இருக்கறது டீ இல்ல, தத்துவம்."

"அந்த மீசைல ரெண்டு ஈரத்துணி காயப் போடலாம்."

"வேல வெட்டி இல்லாதவன் வேஷம்."

கடைசியில் இருந்ததைத்தான் அவர் இரண்டு முறை படித்தார்.

பேண்ட்டை மடிப்பது குளிப்பாட்டும்போது நனையாமல் இருக்க. டிரைவர் வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் குளிப்பாட்ட மட்டும் ஒவ்வொரு வீடு, ஆக ஒரு நாளில் மூன்று வீடு போகிறவருக்கு மடிப்பைப் பிரித்துப் பிரித்து மறுபடி மடிக்க நேரமில்லை. இடுப்பில் பெல்ட் கட்டினால் அதன் கொக்கி, தூக்கி உட்காரவைக்கும்போது கிழவர்களின் தோலைக் கிழித்துவிடும். அந்த வயதில் தோல் வெங்காயச் சருகு. அதனால் வார். ஈரக்காலோடு சாக்ஸ் போட்டால் சேற்றுப்புண் வரும். ஜாடி ஏனென்றால் அதற்குள் கைவிட்டுக் கழுவலாம், பையில் படுத்தாலும் ஒழுகாது. மூன்று வீடும் முடிந்து போகிற வழியில்தான் அந்த டீ.

மீசைக்கு மட்டும் அப்படிக் காரணம் எதுவும் கிடையாது. அது முழுக்க ஆசை. துணிக்கடையில் அளவெடுத்துக்கொண்டிருந்த இருபத்து நான்கு வயதில் வைக்க ஆரம்பித்தது. முப்பது வயதில் கடையை விட்டுப் பராமரிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது வகுப்பில் பத்தொன்பது பெண்கள், அவர் ஒருவர்தான் ஆண். "அந்த மீசைய பாத்தா நோயாளி பயந்துடுவாங்க" என்று பயிற்சி கொடுத்த அம்மா சொன்னபோது, "பயப்பட மாட்டாங்கம்மா, சிரிப்பாங்க" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது.

மாலையில் வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே சிரித்தாள். "வாங்க, உலகப் புகழ் பெற்றவரே. எங்க ஸ்கூல்ல பியூன்ல இருந்து ஹெட்மாஸ்டர் வர உங்கள பாத்தாச்சு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்ல? புருஷன்னு ஒத்துக்கிட்டேன். வேற வழி?"

அவருக்கும் சிரிப்பு வந்தது. ஊரான் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தார். கல்லூரியில் படிக்கும் மகள்தான், தட்டில் இருந்து தலையை நிமிர்த்தாமல், "அப்பா, நாளைலேந்து காலேஜ் கேட் கிட்ட வந்து நிக்க வேணாம். நானே பஸ்ல வந்துடறேன்" என்றாள்.

"சரிம்மா" என்றார்.

அதன் பிறகு போனை எடுத்துக் கமெண்ட்டுகளை மறுபடி பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. நடுவில் டிரைவரின் மருமகள் எழுதியிருந்தாள்: 'இது எங்க வீட்டுக்கு வர்ற அண்ணாதான்! தங்கமானவர்!' கூடவே சிரிப்புப் பொம்மைகள். அதன் கீழே, அவர் டிரைவருக்கு ஊட்டும்போது எடுத்த ஒரு போட்டோ. அதற்கும் நூறு பேர் பதில் போட்டிருந்தார்கள். ஒருவன், 'தாத்தா வாயத் திறந்தது சாப்பாட்டுக்கு இல்ல, மீசைய பாத்து ஷாக்ல' என்று எழுதியிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று மீசையை எடுத்துவிட்டார். இரண்டு நிமிட வேலை.

மகள் பல் துலக்க வந்தவள் அப்படியே நின்றாள். "எனக்காகவாப்பா?"

"இல்லம்மா. வெயிலுக்கு."

"மீசைக்கும் வெயிலுக்கும் என்னப்பா?" என்றாள். அவர் ரேசரைக் கழுவி வைத்தார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "முகம் காலி பண்ண வீடு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்றைக்கு அவர் வார் மாட்டவில்லை; சாதாரணப் பேண்ட், இடுப்பில் பெல்ட். கொக்கியை மட்டும் பக்கவாட்டில் தள்ளி, மேலே துணி சுற்றிக்கொண்டார்.

டிரைவரின் அறைக்குள் நுழைந்து, "கெளம்பலாமா ஐயா?" என்றார்.

டிரைவர் பார்த்தார். கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்ந்தார்.

"யாரு நீ?"

இந்த இடத்தில்தான் மீசைக்காரர் தப்புச் செய்தார். 'புதுசா டூட்டிக்கு வந்திருக்கேன் ஐயா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பதினாறு வருடமாகப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் நேற்றிலிருந்து அவரை யார் யாரோ யாராகவோ ஆக்கிக்கொண்டிருந்தார்கள். இவராவது தன்னைத் தெரியும் என்று சொல்ல மாட்டாரா என்றிருந்தது. "ஐயா, நான்தான் ஐயா. நல்லா பாருங்க. நான்தான்!" என்று கிட்டே போனார்.

"என் கண்டக்டர் எங்கடா?"

"நான்தான் ஐயா கண்டக்டர். மீசைய எடுத்துட்டேன், அவ்ளோதான்."

"டிக்கெட் எடுத்தியா?"

"ஐயா..."

"டிக்கெட் இல்லாம ஏறிட்டு என் கண்டக்டர்ங்கறியா? அவன என்னடா பண்ண? இறங்கு! இறங்குடா கீழ!"

தலையணை பறந்து வந்தது. அதன் பின்னால் தண்ணீர் டம்ளர். சத்தம் கேட்டு மருமகள் ஓடி வந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். கணவன் கப்பலில் வேலை, ஊர் திரும்ப இரண்டு மாதம் இருக்கிறது. மழித்த முகத்தைப் பார்த்ததும் அவள் கை தானாக வாய்க்குப் போனது.

காலைச் சாப்பாடு போகவில்லை. மதியம் மசித்த உருளைக்கிழங்கும் சூப்பும் ஆறிப் போயின. மருமகள் கொடுத்துப் பார்த்தாள். கெட்டியாக்கிய தண்ணீர் ஆறேழு ஸ்பூன் வாங்கிக்கொண்டார். சாப்பாட்டைக் காட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டார். "அவன் வரட்டும். அவன் பசியோட எங்க நிக்கறானோ." மீசைக்காரர் நிழல் வாசலில் விழுந்தாலே குரல் உயர்ந்தது.

மாலை நான்கு மணிக்கு மருமகள் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். அந்த அம்மா பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு வர்றேன். அதுக்குள்ள கால் கிண்ணமாவது உள்ள போயிருக்கணும். போகலன்னா மூக்கு வழியா குழாய்தான். போட்டா பிடுங்குவாரு. பிடுங்கினா கைய கட்டணும். உங்களுக்கு அது ஓகேவா?"

"ஓகே இல்ல சிஸ்டர்."

"எனக்கும் இல்ல. ஏதாச்சும் பண்ணுங்க."

சமையலறையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஸ்டீரிங் பிடித்தே பழகிய கைகள். அவற்றைக் கட்டிலோடு கட்டினால் அந்த மனுஷன் ஒரு வாரம் தாங்க மாட்டார். இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அண்ணா, அந்த கமெண்ட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"பாத்தேன்மா."

"நல்லதா நினைச்சுத்தான் போட்டேன்."

"சிரிப்புப் பொம்ம நாலு இருந்துச்சு."

"அஞ்சு" என்றாள். தலை குனிந்திருந்தது. "எங்க சொந்தக்காரங்க குரூப்லயும் போட்டேன். அதுல பத்து இருக்கும். இப்ப எல்லாத்தையும் எடுத்துட்டேன். எடுத்து என்ன, மீசை வந்துடுமா?"

"மூணு மாசம் ஆகும். அத விடுங்க. நான் செஞ்சதுதான் பெரிய தப்பு. அவர்கிட்ட போய் வாதாடிட்டேன். இனி இந்த மூஞ்சி அவருக்கு டிக்கெட் இல்லாத மூஞ்சி." அவர் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். "ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அவருக்கு ஆள் மாத்தினா கோவமில்ல. ஏமாத்தினாத்தான் கோவம். கண்டக்டர் லீவு போட்டா டெப்போல வேற ஆள் அனுப்புவாங்க இல்ல?"

"ஆமா?"

"நாளைக்கு நீங்கதான் கண்டக்டர்."

"நானா? எனக்கு மீசை இல்லையேண்ணா!"

"எனக்கும்தான் இல்ல."

அவள் சிரித்தாள். உடனே சிரித்ததற்காக வருந்துகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் மசித்த சாப்பாட்டின் பதத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஸ்பூனைச் சாய்த்தால் மெல்ல வழிய வேண்டும், சொட்டக் கூடாது. நாக்கின் நடுவில் வைக்க வேண்டும், உள்ளே தள்ளக் கூடாது. தொண்டை ஏறி இறங்காமல் அடுத்த ஸ்பூன் கிடையாது. இருமினால் நிறுத்த வேண்டும். அவளே மீசைக்காரர் வாயில் ஐந்து முறை ஊட்டிப் பழகினாள். இரண்டாவது முறை மூக்கில் அப்பினாள்.

மறுநாள் காலை அவர் அரை மணி நேரம் முன்னதாகவே வந்தார். டிரைவரைச் சாப்பாட்டு மேசையருகே நாற்காலியில் நிமிர உட்காரவைத்தது மருமகள்தான். மீசைக்காரர் நாற்காலிக்குப் பின்னால், டிரைவரின் கண்ணில் படாதபடி ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். மடியில் துண்டு.

மருமகள் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தாள். கணவனின் பழுப்பு நிறச் சட்டை. குறுக்கே மாட்டிய தோள்பை. உதட்டின் மேல், கண்ணுக்குத் தீட்டும் மைப் பென்சிலால் வரைந்த மீசை. இரு பக்கமும் கன்னம் வரை ஏறியிருந்தது. வலது பக்கம் இடதைவிட ஒரு விரல் உயரம் கூடுதல்.

டிரைவர் வெகுநேரம் பார்த்தார்.

"யாரு?"

"புது கண்டக்டர் சார். இன்னிக்கு உங்க வண்டிக்குப் போட்டிருக்காங்க."

"பழையவன்?"

"லீவு சார்."

"சொல்லாம லீவு போட மாட்டானே. என்னவாம்?"

இது ஒத்திகையில் இல்லை. மருமகள் நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள். மீசைக்காரர் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் என்று ஜாடை காட்டினார். அவள் அதைப் பார்த்தும் வேறு சொன்னாள்.

"மனசு சரியில்லையாம் சார். நாலு பேர் சேந்து அவர் மீசைய கிண்டல் பண்ணிட்டாங்க."

"எவன் அவன்?"

"நானும் ஒருத்தி சார்."

டிரைவர் முன்னால் குனிந்து அவள் முகத்தை இன்னும் நெருக்கமாகப் பார்த்தார். "நீ அவன் மீசைய கிண்டல் பண்ணியா?"

"ஆமா சார்."

"நீ வெச்சிருக்கறது மட்டும் என்னவாம்? கம்பளிப்பூச்சி செத்துக் கெடக்கற மாதிரி இருக்கு!"

நாற்காலிக்குப் பின்னால் மீசைக்காரர் துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. மருமகள் உதட்டை இறுக்கிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார். வளந்தா சரியாயிடும்" என்றாள்.

"சரி சரி. சாப்பிட்டியா?"

"இல்ல சார்."

"பின்ன? உக்காரு."

அவள் தனக்கும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்பூனில் அரையளவு எடுத்து அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். "போலாம், ரைட்."

வாய் திறந்தது. பின்னால் இருந்தவர் எழுந்து, டிரைவரின் கழுத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தார். அங்கே எதுவும் நடக்கவில்லை. மருமகள் "ஹோல்டான்" சொல்லிவிட்டு ஸ்பூனைக் கீழே இறக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டை மெல்ல மேலே ஏறி, இறங்கியது. இருமல் இல்லை. மீசைக்காரர் ஒரு விரலைக் காட்டினார்.

நான்காவது ஸ்பூனில் டிரைவர் அவள் கிண்ணத்தைக் காட்டி முறைக்க, உப்புக் குறைவான அந்த மசியலை அவளும் ஒரு வாய் விழுங்க வேண்டியிருந்தது.

பதினொன்றாவது ஸ்பூனில் சாப்பாட்டு மேசை மேல் இருந்த கம்ப்யூட்டர் மணியடித்தது. ஒன்பதரை மணி ஆபீஸ் மீட்டிங். மீசைக்காரர் பின்னாலிருந்து 'போங்க' என்று கை காட்டினார். அவளும் பாதி எழுந்தாள்.

"எங்க போற?" என்றார் டிரைவர். "வண்டி ஓடறப்ப கண்டக்டர் இறங்கலாமா?"

அவள் உட்கார்ந்தாள். இடது கையால் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பி, மீட்டிங்கைத் திறந்தாள். அவர்கள் ஆபீஸில் கேமராவை அணைக்கக் கூடாது. திரையில் பதினான்கு முகங்கள் கட்டம் கட்டமாக வந்தன. பேச்சு நின்றது. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு நாலைந்து பேர்.

"மேடம், உங்க... உங்க மூஞ்சில..." என்று ஒரு குரல் இழுத்தது. "கேமராவ வேணா ஆஃப் பண்ணிக்கறீங்களா?"

"வேணாம். போட்டோ எடுக்கறவங்க எடுத்துக்குங்க. அனுப்பறவங்க அனுப்பிக்குங்க. என் மாமனார் சாப்பிட்டுட்டு இருக்காரு, இன்னும் பத்து ஸ்பூன் இருக்கு" என்றாள். மைக்கை மட்டும் அணைத்துவிட்டு ஸ்பூனைத் தூக்கினாள். "போலாம், ரைட்."

முக்கால் கிண்ணம் போனது. பத்து மணிக்கு டிரைவர் நாற்காலியிலேயே கண் அசந்தார். சாப்பிட்டதும் படுக்க வைக்கக் கூடாது என்பதால் மீசைக்காரர் அவர் தலைக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து, நிமிர்ந்த நிலையிலேயே விட்டார். பிறகு நோட்டில் நேரத்தையும் அளவையும் எழுதினார்.

பதினொரு மணிக்கு நர்ஸம்மா வந்தார். பையிலிருந்து குழாய்ப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, நோட்டைப் படித்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். நாக்கைப் பார்த்தார். மருமகளின் மீசையைப் பார்த்தார். மீசைக்காரரின் வெறும் உதட்டைப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரிக்காமலே பைக்குள் திரும்ப வைத்தார்.

"மத்தியானம் யாரு குடுக்கறது?"

"நான்தான் சிஸ்டர்" என்றாள் மருமகள்.

"அப்ப அத அழிச்சிடாதீங்க. ஒரு பக்கம் கலைஞ்சிருக்கு, பாருங்க."

மருமகள் பென்சிலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் போனாள். மீசைக்காரர் பின்னாலேயே போய், வலது பக்கத்தைக் கொஞ்சம் இறக்கி வரையச் சொன்னார்.